8 பிக்சல் தாண்ட முடியல!

ஒரு வெப்சைட் படிவத்துல "கடைசிப் பெயர்" கட்டத்துக்குப் பக்கத்துல ஒரு குட்டிக் கேள்விக்குறி. இனிஷியல் மட்டும் இருக்கிற ஆளு என்னத்தைப் போடுறதுன்னு கர்சரைக் கொண்டுபோனா பெட்டி திறக்குது. உள்ள "மேலும் அறிய"ன்னு லிங்க். சரின்னு கர்சரை மேல நகர்த்தினா பெட்டியைக் காணோம். திரும்ப வச்சா வருது. நகர்த்தினா போச்சு. பூனை நடை நடந்து பார்த்தாலும் போச்சு. வெடுக்குன்னு தாவினா லிங்க் வரைக்கும் போயிடலாம், கிளிக் பண்றதுக்குள்ள அதுவும் போச்சு. உதவிப் பெட்டியா, கண்ணாமூச்சியா?

கேள்விக்குறிக்கும் பெட்டிக்கும் நடுவுல 8 பிக்சல் இடைவெளி. டிசைன்ல பார்க்க லட்சணமா இருந்திருக்கும். கர்சர் அந்தப் பள்ளத்துல கால் வச்சதும் மவுஸ்லீவ் (கர்சர் வெளியே போயிடுச்சுன்னு பிரவுசர் குடுக்கிற சிக்னல்) ஓடிவந்து கதவைச் சாத்திடுது. மூடுறதை ஒரு 200 மில்லிசெகண்ட் தள்ளிப்போடுங்க, கர்சர் பெட்டி மேல ஏறினா அந்த டைமரை ரத்து பண்ணுங்க. அவ்வளவுதான், அஞ்சாறு வரி கோட். வெப்சைட்டை எல்லாரும் பயன்படுத்த முடியணும்னு சொல்ற வழிகாட்டி, 2018-ல வந்த டபிள்யூசிஏஜி 2.1-ல 1.4.13னு இதுக்குன்னே ஒரு விதி இருக்கு: ஹோவர்ல, அதாவது கர்சரை மேல வச்சாலே, திறக்கிற பெட்டி மேல கர்சர் போக முடியணும், கர்சரை நகர்த்தாமலே மூட எஸ்கேப் மாதிரி ஒரு வழி வேணும், பாதி படிக்கிறப்போ தானா மறையக் கூடாது. அதுசரி, மவுஸே இல்லாத போன்ல ஹோவருக்கு எங்க போறது?

இந்த உதவிப் பெட்டிக்கு "ரீயூசபிள் காம்போனென்ட்" (ஒரு தடவை எழுதி எங்க வேணா போடலாம்)னு பேரு வேற! உள்ள பெட்டியோட அடையாளப் பேரான ஐடியை மாத்த முடியாதபடி கோட்லயே ஹார்ட்கோட் பண்ணி வச்சாச்சு. 12 கட்டத்துல போட்டா 12 பெட்டிக்கும் ஒரே ஐடி. கட்டத்துக்கு எந்த விளக்கம்னு ஐடியை வச்சுச் சொல்ற ஏரியா-டிஸ்கிரைப்ட்பை முதல் பெட்டியைத்தான் பிடிக்கும். திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர்ல கேட்கிறவங்க பின்கோடு கட்டத்துக்குப் போனாலும் பேருக்கான விளக்கமே ஓடும்.

அடுத்து, டேபிளுக்குள்ள வச்சா எல்லையைத் தாண்டினதை மறைக்கிற ஓவர்ஃப்ளோ ஹிடன் பெட்டியைப் பாதியில வெட்டுது. உடனே எது மேல எது தெரியணும்னு சொல்ற இசட்-இண்டெக்ஸ் 9999. வெட்டுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அசரலையே, 99999! பெட்டியைச் சுத்தியிருக்கிற தாய் எலிமென்ட்ல ஒரு டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்துற, சுழற்றுற ஸ்டைல்) இருந்தா அது தனி ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்ட், உள்ள இருக்கிறதை அதுக்குள்ளயே அடுக்கும், எத்தனை ஒன்பது போட்டாலும் அந்தச் சுவரைத் தாண்டாது. கேள்விக்குறியை உருப்படியா ஒரு பட்டனாக்கி எந்தப் பெட்டியைத் திறக்கணும்னு சொல்ற பாப்ஓவர்டார்கெட் குடுங்க, பெட்டிக்கு பாப்ஓவர் ஆட்ரிப்யூட். பிரவுசரே எல்லாத்துக்கும் மேல இருக்கிற டாப் லேயர்ல தூக்கி வைக்கும், எஸ்கேப்ல மூடும், போன்ல விரல் வச்சாலும் திறக்கும். குரோம்ல 2023-லயே வந்தாச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ல 2024-ல.

இத்தனை கூத்தும் கடந்து அந்த லிங்க்கைப் பிடிச்சா என்ன எழுதியிருக்கு தெரியுமா? "உங்கள் கடைசிப் பெயரை உள்ளிடவும்." அடேயப்பா!

சரி, இனிஷியலையே போடுவோம்னு ஆங்கிலத்துல எஸ் அடிச்சா, குறைந்தது 2 எழுத்து வேணுமாம். தமிழ்ல "எஸ்" ரெண்டு எழுத்துதானேன்னு அடிச்சா, ஆங்கிலம் மட்டுமாம். கடைசியில எஸ்ஸை ரெண்டு தடவை அடிச்சா சமர்த்தா ஏத்துக்குது.