487 வகை விமானம் ஓட்டியவர்
ஓய்வுபெற்ற விமானிகள் தாங்கள் ஓட்டிய விமான வகைகளை எண்ணிச் சொல்வதைப் படித்தேன். முப்பது, நாற்பது என்றதும் வாய் பிளந்தவர்களுக்கு ஒரு பெயர்: எரிக் பிரவுன். பிரிட்டிஷ் கடற்படை விமானியான இவர் ஓட்டியது 487 வகைகள். அதிலும் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் பல மாடல்களைத் தனித்தனியாக எண்ணவில்லை! 1945 டிசம்பரில் ஜெட் இன்ஜினால் மட்டுமே பறக்கும் விமானத்தை முதன்முதலில் விமானம் தாங்கிக் கப்பலில் இறக்கியவரும் இவர்தான். போரில் கைப்பற்றிய ஜெர்மன் விமானங்களையும் விடவில்லை. அந்த எண்ணை இனி யாரும் தொடப்போவதில்லை.

இன்றைய ஏர்லைன் விமானிக்குப் பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒரே வகைதான். ஏர்பஸ் ஏ320 விட்டு ஏ330 போனாலும் காக்பிட் கிட்டத்தட்ட அதேதான். சௌகரியம், சரி. சொல்லக் கதை ஏது?

அந்த ஓய்வுபெற்ற விமானிகள் சொன்னதில் எனக்குப் பிடித்தது பழைய ஜே-3 கப் என்ற இரண்டு இருக்கைச் சிறு விமானம் பற்றிய பேச்சு. தனியாகப் பறந்தால் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும், எடைச் சமநிலைக்காக. போதாததற்கு வால் சக்கரம் வேறு. இறங்கி ஓடும்போது கொஞ்சம் அசந்தாலும் விமானம் தரையிலேயே சுழன்றுவிடும். அப்புறம் மூக்குப் பக்கம் சக்கரம் உள்ள செஸ்னா சிறு விமானத்தில் ஏறினால் விடுமுறை மாதிரித்தான் இருக்கும்!