வண்டி வராத பாதைக்கு ஏன் காரோட வந்தீங்க?

ஞாயித்துக்கிழமை எங்க மாந்தோப்புப் பாதையில சைக்கிள் ஓட்ட வந்தவங்களோட கார் மாங்கா டிராக்டரை மறிச்சதும், தோப்புக் குடிசையில இருக்குற ஆயா கத்தினதும் உங்க எல்லாருக்கும் தெரியும். அந்த வீடியோ வராத வாட்ஸப் குரூப் இல்ல. அதனால மறுபடி முதல்ல இருந்து கதை சொல்லப் போறதில்ல. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். வண்டி வராத பாதையாப் பாத்து ஓட்டணும்னுதான் பெங்களூர்ல இருந்து எங்க கிருஷ்ணகிரிப் பக்கம் சைக்கிளோட வந்தீங்க. அப்புறம் எதுக்குப் பின்னாடியே ரெண்டு காரைக் கூட்டிட்டு வந்தீங்க?

மூணு நாளு எழுதாம இருந்தேன். கோபம் அடங்கினதும் எழுதலாம்னு பாத்தேன். அடங்கல.

வீடியோல ஆயா கத்துறது மட்டும்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி நடந்தது இல்ல. நான் அந்த இடத்துல இல்ல, டிராக்டர் ஓட்டின தம்பி சொன்னதைச் சொல்றேன். பெங்களூரா ரக மாங்கா ஏத்தின டிரெய்லரோட அவன் தோப்புக்குள்ள இருந்து வர்றான். எதிர்ல சைக்கிள்காரங்க ஒதுங்கிட்டாங்க. கார் ரெண்டும் ஒதுங்கல. ஒதுங்கவும் இடமில்ல, அந்தப் பாதையோட அகலமே ஒரு டிராக்டர் அகலம்தான். ஒரு பக்கம் கல்லுக்கட்டு, இன்னொரு பக்கம் வாய்க்கால். கார்காரங்க ரிவர்ஸ் எடுக்கணும்னா ஆயா இருக்குற காவக் குடிசை வரைக்கும் போகணும். "நீ பின்னால எடுப்பா"ன்னு டிராக்டர்காரன்கிட்ட சொல்லியிருக்காங்க. லோடு ஏத்தின டிரெய்லரை அந்த வளைவுல பின்னால எடுக்குறது என்னான்னு தெரிஞ்சவங்க யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாங்க. ஜூஸ் ஃபேக்டரி வாசல்ல சீசன்ல எவ்ளோ நீள வரிசை நிக்கும்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அரை மணி நேரம் லேட்டானா வரிசையில பத்து வண்டி முன்னால போயிடும். மாங்கா வெயில்ல காயும். அதுக்கப்புறம்தான் ஆயா குடிசையை விட்டு எழுந்து வந்து கத்தினாங்க. நானா இருந்தா அதுக்கு முன்னாடியே கத்தியிருப்பேன்.

இதுக்குத் தலைப்பு என்ன போட்டிருக்கீங்க? "உள்ளூர்க்காரங்க அராஜகம்." எழுபது வயசு ஆயா. கையில தொரட்டிக் கோல். அராஜகமாம்.

நீங்க ஓட்டிட்டு வந்தது கிராவல் சைக்கிள். அது தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பாக்க ரோடு சைக்கிள் மாதிரியே வளைஞ்ச ஹேண்டில்பார் இருக்கும். டயர்தான் வித்தியாசம். ரோடு சைக்கிளுக்கு 25, 28 மில்லிமீட்டர் டயர்னா, இதுக்கு 40 கிட்ட வரும். காத்தைக் கம்மியா வெச்சு ஓட்டினா ஜல்லி, மண்ணு, மணல் எல்லாத்துலயும் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்து உருளும். அதாவது தார் ரோட்டை விட்டு இறங்குறதுக்காகவே செஞ்ச சைக்கிள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பயப்படாம ஓட்டலாங்கறதுதான் அதுல பெரிய சொகமே. அந்த சைக்கிள்ல ஏறி உக்காந்துக்கிட்டு முதுகுக்குப் பின்னாடி டீசல் புகையோட வர்றது எனக்குப் புரியவே இல்ல.

என் கதையைக் கொஞ்சம் சொல்லணும். 2021-ல எனக்கு சுகர்னு தெரிஞ்சது. டாக்டர் நடக்கச் சொன்னாங்க. நடந்தா முட்டி வலி. அண்ணன் பொண்ணுக்குப் பதினொண்ணாம் வகுப்புல கவர்மெண்ட் குடுத்த சைக்கிள் வாசல்ல சும்மா கிடந்துச்சு. காலையில அஞ்சரை மணிக்கு யாரும் பாக்காத நேரமா பாத்து பாரூர் ஏரிப் பக்கம் எடுத்துட்டுப் போனேன். முப்பத்தாறு வயசுப் பொம்பள சுடிதார் போட்டு சைக்கிள் ஓட்டினா நம்ம ஊர்ல மெயின் ரோட்டுல எத்தனை பேர் திரும்பிப் பாப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தோப்புக்குள்ள யாரும் திரும்பிப் பாக்கல. ஆயா மட்டும் பாத்தாங்க. மூணாவது நாள் "ஏம்மா, தண்ணி குடிச்சிட்டுப் போ"ன்னாங்க. அவ்ளோதான் எங்க பழக்கம் ஆரம்பிச்சது.

ரெண்டு வருஷம் கழிச்சு சீட்டுப் பணம் எடுத்து ஒரு பழைய கிராவல் சைக்கிள் வாங்கினேன். முதல் வாரமே நெருஞ்சி முள்ளு. டயர்ல ஏழு முள்ளு எண்ணினேன். ஆயா தன்னோட மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, ரவிக்கையில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டி, ஒவ்வொண்ணா நெம்பி எடுத்து உள்ளங்கையில வெச்சுக் காட்டினாங்க. அந்தக் கையில மாம்பால் பட்டுக் கறுத்த தழும்பு. ஒவ்வொரு சீசனுக்கும் ஒண்ணு சேரும்னு சொன்னாங்க. வீடியோல நீங்க ஸ்லோமோஷன்ல காட்டுறீங்களே, அந்தக் கைதான்.

இப்ப சில பேர் கேப்பாங்க, அது பொதுப்பாதைதானேன்னு. முதல் பாதி பொதுவான வண்டிப்பாதை, சரி. கல்லுக்கட்டு தாண்டினதும் பட்டா நிலம். நாலு குடும்பம் விட்டுக் கொடுத்துப் போறதால நாம போறோம். நாளைக்கே முள்வேலி போட்டா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது.

"சப்போர்ட் கார் இல்லாம பொண்ணுங்க எப்படி வருவாங்க, பாதுகாப்பு வேண்டாமா?"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. இதைப் படிச்சப்பதான் எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சது. அண்ணா, நான் பொண்ணுதான். நாலு வருஷமா தனியாத்தான் போறேன். என் பாதுகாப்பு அந்தத் தோப்புல இருக்குற ஆளுங்கதான். ஒரு நாள் நான் வரலன்னா மறுநாள் "எங்க நேத்து?"ன்னு கேப்பாங்க. ஒரு தடவை மணல்ல சறுக்கி விழுந்து கை பெசகினப்போ டிராக்டர்ல ஏத்தி வீட்டு வாசல்ல இறக்கி விட்டாங்க. கார் வேணும்னா தார் ரோடு முடியுற இடத்துல, புளியமரத்தடியில நிறுத்துங்க. போன் எடுக்கும். எட்டு கிலோமீட்டர்தான் பாதை. பொண்ணுங்க பேரைச் சொல்லிக் காரை உள்ள விடாதீங்க.

டூரிஸம் வந்தா ஊருக்கு வருமானம்னு சொல்றவங்களுக்கு: அன்னைக்கு வந்தவங்க ஒரு டீ கூட இங்க குடிக்கல. எல்லாம் டிக்கியில இருந்துச்சு.

இன்னொருத்தர் "இது நம்ம ஊர் டஸ்கனி, இதையெல்லாம் உலகத்துக்குக் காட்டணும்"னு போட்டிருக்காரு. டஸ்கனி கதை எனக்கும் தெரியும். சைக்கிள் வாங்கின புதுசுல ராத்திரியெல்லாம் அதைத்தான் படிச்சேன். இத்தாலியில இருக்குற டஸ்கனியில கியாந்தின்னு திராட்சைத் தோட்டப் பகுதி. அங்க வெள்ளை மண் ரோடுங்களுக்கு ஒண்ணொண்ணா தார் போட்டுக்கிட்டு வந்தாங்க. அந்த ரோடுங்களைக் காப்பாத்தணும்னுதான் 1997-ல காயோலேங்கற சின்ன ஊர்ல இருந்து பழைய சைக்கிளுங்களோட ஒரு பயணம் ஆரம்பிச்சாங்க. அதுக்கு லெரோய்கான்னு பேரு. 1987-க்கு முன்னாடி செஞ்ச சைக்கிள்ல வரணும்னு ரூல். அது பிரபலமாகித்தான் 2007-ல அதே மாதிரி மண் ரோட்டுல பெரிய ரேஸே வந்துச்சு. ரேஸ்ல கார் வருதேன்னு சொல்லாதீங்க. ரேஸ்னா ரோட்டையே மூடிட்டு நடத்துறது. ஞாயித்துக்கிழமை நீங்க மூடினது ஒரு ஆயாவோட தோப்பு மாங்கா வெளிய போற வழியை.

திராட்சைத் தோட்டம் பாக்க இத்தாலி வரைக்கும் போக வேண்டியதுமில்ல. போன வருஷம் கம்பத்துல சித்தி வீட்டுக்குப் போனப்போ சைக்கிளைப் பஸ் மேல கட்டி எடுத்துட்டுப் போனேன். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பன்னீர் திராட்சை, சுருளிப்பட்டிப் பக்கம் பந்தல் பந்தலா நிக்குது. காலையில பந்தலுக்கு ஓரமா மண் பாதையில போனா இலைக்கு நடுவுல வெளிச்சம் பொட்டுப் பொட்டா ஹேண்டில் மேல விழுது. பாதி தூரத்துல ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்தினாரு. "ஆத்தா, மருந்து அடிக்குறோம், இறங்கித் தள்ளிட்டு அந்தப் பக்கமா சுத்திப் போ." இறங்கினேன். சுத்திப் போனேன். இதுல எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? அவரு தோட்டம், அவரு மருந்து, அவரு பொழப்பு.

"ரூட்டை முதல்ல போட்டதே நீதானே"ன்னு கேட்டிருக்கீங்க. ஆமா. நான்தான். ஜனவரியில மாம்பூ வாசம் தாங்காம படம் எடுத்து, மேப்போட நெட்டுல போட்டேன். எங்க ஊர் அழகை நாலு பேர் பாக்கட்டும்னு ஆசை. சைக்கிள்ல வருவாங்கன்னு நினைச்சேன். திங்கக்கிழமை காலையிலயே அந்தப் பதிவை எடுத்துட்டேன். ஆனா எத்தனை பேர் போன்ல அது இருக்கோ.

எங்கப்பா காவேரிப்பட்டணம் மண்டிக்கு சைக்கிள்லதான் மாங்கா கொண்டு போவாரு. ரெண்டு பக்கமும் கூடை கட்டி. ஹைவே நாலு வழியானதுக்கு அப்புறம் ஒரு நாள், பக்கத்துல போன லாரிக் காத்துலயே விழுந்தாரு. இடிக்கக் கூட இல்ல, வெறும் காத்து. கால் எலும்பு உடைஞ்சு ஆறு மாசம். அப்புறம் திண்ணை ஓரம் சாத்தின சைக்கிளை அவரு தொடவே இல்ல. கிருஷ்ணகிரியைச் சுத்தி எந்தப் பக்கம் போனாலும் ஹைவேதான். பெங்களூர் போக ரோடு, சென்னை போக ரோடு, சேலம் போக ரோடு. எல்லாம் உங்க காருக்குத்தான். எங்களுக்கு மிச்சம் இருக்குறது எட்டு கிலோமீட்டர் மண்ணு. அதுலயும் ஹாரன் அடிச்சா நாங்க எங்க போறது?

நேத்து காலையில போனேன். சைக்கிளைக் குடிசை ஓரம் சாய்ச்சேன். ஆயா தண்ணி குடுத்தாங்க, எப்பவும் போல. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "அன்னைக்கு வந்தாங்களே, அவங்க உன் ஆளுங்களாம்மா?"ன்னு கேட்டாங்க.

எனக்குப் பதில் வரல.

அந்த வீடியோவை வெச்சிருக்குறவங்க தயவுசெஞ்சு அழிங்க. ஆயா முகம் அதுல நல்லாத் தெரியுது. அவங்க பேரன் காலேஜ்ல படிக்குறான், அவன் போனுக்கும் வந்துடுச்சாம்.