இவ்ளோ தூரம் வந்துட்டு…

மலைப் படங்களை இங்கே போட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு விதமான ஆட்கள் பேசுகிறார்கள். ஒரு கூட்டம், "செம தைரியம்டி உனக்கு" என்று கமெண்ட் போடுகிறது. இன்னொரு கூட்டம், பெரும்பாலும் பாலக்கோட்டுச் சொந்தங்கள், "லோன் போட்டு அனுப்புனது படிக்கவா, ஊர் சுத்தவா?" என்று அம்மாவைக் கேட்கிறது. என்னை நேரில் கேட்பதில்லை. இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன்.

லோன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நான் படிக்க வந்திருக்கும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவது மாலுக்குப் போவதைவிட மலிவு. பல்கலைக்கழக மலையேற்றக் கிளப்பில் சந்தா குறைவு. மழைக்கோட்டு, தலையில் மாட்டும் விளக்கு, வரைபடம், காம்பஸ் எல்லாம் கிளப்பே இரவல் தரும். ஷூ மட்டும் சொந்தமாக வேண்டும். அதையும் நான் சாரிட்டி கடையில் பழையதாகத்தான் வாங்கினேன். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். மலைக்குப் போகிற ஞாயிறு ஒரு ஷிப்ட் சம்பளம் போகும். செலவு என்றால் அதுவும் ரயில் டிக்கெட்டும்தான். பெரியப்பா, கணக்கு சரியா?

தைரியம் என்பவர்களுக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது. எனக்கு உயரம் என்றால் பயம். இங்கே வந்த பிறகும் அது போகவில்லை. மாறியது வேறு ஒன்று. அதைச் சொல்ல ஒகேனக்கல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நம் தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளந்து, வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி என்று செய்தி வரும். அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை என்று கலெக்டர் அறிவிப்பார். அன்றைக்கும் வேன் பிடித்து வந்தவர்கள் போலீஸ்காரரிடம் நின்று வாதாடுவார்கள்: "இவ்ளோ தூரம் வந்துட்டு குளிக்காம போறதா சார்?" தடை இருந்தால் திட்டுவோம், இல்லையென்றால் இறங்கிவிடுவோம். தண்ணீரை நாம் பார்ப்பதே இல்லை. பரிசல்காரர் மட்டும்தான் பார்ப்பார்.

ஸ்காட்லாந்தில் மலையை யாரும் மூடுவதில்லை. 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிற யாருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் கூடாரம் போடவும் உரிமை தருகிறது, தனியார் நிலமாக இருந்தாலும். 1,345 மீட்டர் உயர பென் நெவிஸ் உச்சியில் புயல் அடித்தாலும் அடிவாரத்தில் கயிறு கட்டித் தடுக்க ஆள் கிடையாது. அதற்குப் பதில் மலைகளுக்கென்றே தனி வானிலை அறிக்கை தினமும் வரும். உச்சியில் காற்று எவ்வளவு, அதில் ஆள் நேராக நடக்க முடியுமா, மேகம் விலகி உச்சி தெரிய எத்தனை சதவீத வாய்ப்பு, எந்த உயரத்துக்கு மேல் உறைநிலை என்று எல்லாம் இருக்கும். போகலாமா வேண்டாமா என்பது மட்டும் இருக்காது. அது உன் பாடு.

இந்த "உன் பாடு" எனக்குப் புதிது. பத்தாவது முடித்ததும் எந்த குரூப் என்று மாமா முடிவு செய்தார். ப்ளஸ் டூவுக்கு உறைவிடப் பள்ளி. நம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன் ஸ்டடி, ராத்திரி சாப்பிட்டதும் ஸ்டடி. டைம்டேபிளில் விளையாட்டு பீரியட் என்று இருக்கும், கணக்கு சார் வந்து நிற்பார். மாடி வராண்டாவிலிருந்து ஒரு மலை தெரியும், அதன் பெயர்கூட எங்களில் யாருக்கும் தெரியாது. மார்க் வந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் கல்லூரி, விடுதி, அவுட்பாஸ். எங்கே போவது, எப்போது திரும்புவது என்று நானாக யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

கிளப்பில் புதியவர்களைக் கூட்டிப்போகிற மலைகளில் ஒன்று காப்ளர். கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி, அரோக்கரில் இறங்கி நடக்கலாம். உயரம் 884 மீட்டர். சிரிக்காதீர்கள், நம் ஓசூரே ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது, பஸ்ஸில் போய் இறங்கி டீ குடிக்கலாம். ஆனால் இங்கே ஏற்றம் தொடங்குவது லாக் லாங் கரையில். அது மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த இடம். ஆக, அத்தனை மீட்டரும் காலால்தான்.

முந்தின ராத்திரி கிளப் சீனியர் வரைபடத்தை என் கையில் கொடுத்து, "நாளைக்கு எத்தனை மணிக்குத் திரும்பணும்? நீ சொல்லு" என்றாள். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். கரையிலிருந்து போக வர சுமார் 11 கிலோமீட்டர், ஏற்றம் 880 மீட்டர் பக்கம். போட்டுப் பார்த்தால் நாலு மணி நேரம்கூட வரவில்லை. பெருமையாகச் சொன்னேன். "அது நெய்ஸ்மித்துக்கு. உன் காலுக்கு?" என்றாள். நவம்பரில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். அதற்குள் சாப்பாடு, ஓய்வு, மழை பெய்தால் வழுக்கும் இறக்கம், எனக்கு மூச்சு வாங்கும் நேரம் எல்லாம் அடங்க வேண்டும். கடைசியில், எங்கே இருந்தாலும் பன்னிரண்டரைக்குத் திரும்புவது என்று நானே சொன்னேன். அதை அப்படியே குறித்துக்கொண்டார்கள். நான் சொன்ன நேரத்தை ஆறு பேர் குறித்துக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

காப்ளரின் உண்மையான உச்சி ஒரு தனிப் பாறை. பாறையில் ஆள் நுழைகிற அளவு ஒரு ஓட்டை. அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போனால் ஒரு குறுகிய விளிம்பு. அதில் நகர்ந்து மேலே தொற்ற வேண்டும். விளிம்புக்குக் கீழே ஒன்றுமில்லை. நாங்கள் போனபோது பாறை ஈரமாக இருந்தது. கையுறையைக் கழற்றித் தொட்டேன், விரல் மரத்துப்போனது. ஓட்டைக்குள் தலையை நீட்டிப் பார்த்தேன், காற்று முகத்தில் அறைந்தது. சீனியர் பக்கத்திலேயே நின்றாள். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் மண்டைக்குள் ஓடியது அதே ஒகேனக்கல் வசனம்தான். இவ்ளோ தூரம் வந்துட்டு…

தலையை வெளியே எடுத்தேன். காற்றுப் படாத பக்கமாக உட்கார்ந்து புளிச்சோற்று டப்பாவைத் திறந்தேன். சிலர் ஏறினார்கள், பத்திரமாக இறங்கினார்கள். சிலர் என்னோடு உட்கார்ந்தார்கள். கிண்டல் இல்லை, ஆறுதலும் இல்லை; ஒரு பையன் மட்டும் என் சோற்றில் பாதியைக் காலி செய்தான். நீங்கள் எல்லாரும் லைக் போட்ட படம் உச்சிக்குச் சில மீட்டர் கீழே எடுத்தது. "அவ்ளோ தூரம் போயி தொடலையா பாப்பா?" என்று சித்தி போனில் கேட்டார். தொடவில்லை சித்தி.

எனக்கு நடந்த வளர்ச்சி என்று ஏதாவது இருந்தால் அது இதுதான், அந்த வசனத்துக்குக் கட்டுப்படாமல் இருக்கப் பழகியது. நம்மூரில் அது எத்தனை விஷயத்தை ஓட்டுகிறது பாருங்கள். மூன்று வருஷம் முடிந்துவிட்டது, பிடிக்காவிட்டாலும் இன்ஜினியரிங்கை முடி. பத்திரிகை அடித்தாயிற்று, மாப்பிள்ளை குடிப்பது தெரிந்தாலும் கல்யாணத்தை நடத்து. இதற்கெல்லாம் பில் வர வருஷக்கணக்கு ஆகும். மலையில் அன்று சாயங்காலமே வந்துவிடும்.

என் படிப்பு நீர் மேலாண்மை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றித்தான் ஆய்வறிக்கை ஆரம்பித்தேன் (ஃபுளோரைடால் கறை படிந்த தர்மபுரிப் பற்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்). பாதி எழுதிய பிறகு, கையிலிருக்கும் தரவு நான் கேட்ட கேள்விக்குப் போதாது என்று தெரிந்தது. ஊரில் படித்த நான் என்றால் எப்படியாவது ஒப்பேற்றியிருப்பேன். இந்த முறை கைடிடம் நேராகப் போய், எழுதியதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேள்வியை மாற்றுகிறேன் என்றேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

பெற்றவர்களின் பயம் வெட்டிப் பயம் என்று சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரலில் பெர்த்ஷயர் பக்கம் லின் ஆஃப் டம்மல் அருவியில், டண்டீ பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு இந்திய மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். இந்த ஊர் ஆறுகள் காவிரியைப் பார்த்தவர்களுக்கு ஓடை மாதிரி தெரியும். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று விழுந்தால் உடம்பு தன்னிச்சையாக மூச்சை இழுக்கும், நீச்சல் தெரிந்தவரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். அதனால்தான் நாலு நண்பர்கள் சேர்ந்து வாடகைக் கார் எடுத்துப் போவதைவிட கிளப் மேல் என்கிறேன். விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம், அவசர எண் 999-ல் போலீஸைக் கேட்டு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும், அவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள் என்பதெல்லாம் அங்கேதான் கற்றேன்.

போவதற்கு முன் வழி, கூட வருபவர்கள், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் அம்மாவுக்கும் அனுப்பிவிடுவேன். ஆரம்பத்தில் அரை மணிக்கு ஒரு மிஸ்டு கால் வரும், மேலே சிக்னலும் இருக்காது. இப்போது சமையலறை தினசரி காலண்டர் தாளில், ராசிபலனுக்குக் கீழே எழுதி வைக்கிறார்: "பாப்பா மலை. ராத்திரி 11.30 வரை போன் பண்ணக் கூடாது." எனக்கு இங்கே அது சாயங்காலம் ஆறு மணி. என்னைவிட அவருக்குத்தான் இது கஷ்டமான பயிற்சி.

ராத்திரி மலையில் எங்கே, யாரோடு தங்கினாய் என்று வந்த கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இங்கே மலைகளில் பூட்டில்லாத பழைய கல்வீடுகள் உண்டு. 1965-ல் தொடங்கிய ஒரு சங்கம் சுமார் நூறு வீடுகளைப் பராமரிக்கிறது. வாடகை கிடையாது, கரண்ட், குழாய், கழிவறையும் கிடையாது. பெரிய கும்பலாகப் போகக் கூடாது. ஆம்பளைப் பசங்களும் இருந்தாங்களா? இருந்தார்கள். ஆளுக்கொரு ஸ்லீப்பிங் பேக்கில் மூக்கு மட்டும் தெரியப் படுத்திருந்தோம். விடிந்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளியே போவது யார் என்பதுதான் அங்கே இருக்கிற ஒரே பிரச்சினை.

இதற்கெல்லாம் வெளிநாடு வர வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை. நம் தர்மபுரி வத்தல்மலைக்கு ரோடு வருவதற்கு முன் தலைச்சுமையோடு ஏறி இறங்கியவர்கள் யாரும் அதைப் படம் எடுத்துப் போட்டதில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம் என்றது. கிருஷ்ணகிரியின் குத்திராயன் மலையும் அதில் இருக்கிறது. அங்கே யானை நடமாடும் மேலகிரிக் காட்டில் வழிகாட்டி இல்லாமல் போ என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஸ்காட்லாந்து மலையில் பெரிய மிருகம் மான். ரத்தம் குடிப்பது மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி. இரண்டு ஊர் மலையும் ஒன்றல்ல. ஆனால் வழிகாட்டி முன்னால் நடந்தாலும் வரைபடத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாமே. எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று அவளைக் கேட்கலாமே. அந்த விளையாட்டு பீரியடைத் திருப்பிக் கொடுத்தாலே பாதி வேலை முடியும்.

செப்டம்பரில் இந்தப் பக்கம் வரப்போகிறவர்களுக்கு: பெங்களூரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து மலை ஷூ வாங்கி வராதீர்கள், இங்கே சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஜீன்ஸும் காட்டன் பனியனும் மலைக்கு ஆகாது, நனைந்தால் காயாது. டெர்ம் தொடங்கும் முதல் வாரத்தில் கிளப்புகள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும், அங்கேயே பெயர் கொடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் புதியவர்களுக்கான நடைகளில் இடம் நிரம்பிவிடும்.