சரிவில் எதற்குக் குறுக்குவழி?

பழைய சுரங்கத்தின் மேல் வளர்த்த காட்டுப் பூங்காவுக்குப் போனாலே எனக்கு வயிறு எரிகிறது. காட்டைப் பார்த்து அல்ல, அதில் நடக்கிறவர்களைப் பார்த்து.

அங்கே பாதை வளைந்து வளைந்துதான் ஏறும். அந்த மேடு இயற்கையான குன்று இல்லை, தோண்டிக் கொட்டிய கல்லும் மண்ணும். சத்து கிடையாது, மழை பெய்தால் அரித்துக்கொண்டு ஓடும். முதலில் புல், அப்புறம் வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் பயறுவகைச் செடிகள், பிறகுதான் மரம் என்று பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறார்கள். ஓர் அங்குல மேல்மண் தானாக உருவாக 100 ஆண்டுக்கு மேல் ஆகும்.

இவர்களோ பத்து நிமிடம் மிச்சம் என்று சரிவில் நேராக இறங்குகிறார்கள். போன வாரம் அப்படி ஒரு தடத்தில் குனிந்து பார்த்தேன். இரு பக்கமும் விரல் கனத்துக்கு இலைமக்கு, கறுப்பாக, ஈரமாக. நடுவில் செருப்பு தேய்த்த இடத்தில் வெறும் சாம்பல் நிறச் சரளை. ஓரத்தில் ஒரு கன்று வேர் தெரியச் சாய்ந்து கிடந்தது. மண் அணைத்து நிறுத்தினேன். திரும்பி வரும்போது அதை மிதித்தபடி ஒருவர் குழந்தையைக் கைபிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"பாதை அந்தப் பக்கம் இருக்குங்க" என்றேன்.

"எல்லாரும் இப்படித்தானே போறாங்க" என்றார்.