ராஜினாமா செய்தால் பணிக்கொடை போய்விடுமா?

"அமீரகத் தனியார் பள்ளியில் ஐந்து வருடம் முடிக்காமல் ராஜினாமா செய்தால் பணிக்கொடை கிடையாது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

இது 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிச்சம். 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருப்பது 33/2021 தொழிலாளர் சட்டம். அதன் 51-வது பிரிவுப்படி, முழுநேரப் பணியில் ஓராண்டு முடித்த வெளிநாட்டு ஊழியர் தானே விலகினாலும் பணிக்கொடை குறையாது. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். கடைசி அடிப்படைச் சம்பளம் 6,000 திர்ஹம், மூன்று வருடப் பணி என்றால்: ஒரு நாள் சம்பளம் 6,000 ÷ 30 = 200; 200 × 21 × 3 = 12,600 திர்ஹம்.

பலர் ஏமாற்றமடைவது இங்கேதான்: வீட்டு வாடகைப் படி முதலானவை கணக்கில் வராது. சம்பளமில்லா விடுப்பு நாட்களும் கழியும். நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் கிளம்பினால் அந்த நாட்களின் சம்பளத்தைப் பள்ளி கேட்கலாம்.

53-வது பிரிவுப்படி, ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் பாக்கி முழுவதும் வந்தாக வேண்டும். பணம் கணக்கில் ஏறுமுன் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டைப் பள்ளி பிடித்து வைப்பதும் சட்டவிரோதம்.

சட்டம் முழுவதும் மனிதவள அமைச்சகத் தளத்தில் இருக்கிறது. புகாரும் அங்கேயே கொடுக்கலாம். அந்தப் பழைய தகவலை இனி யாருக்கும் ஃபார்வேர்ட் செய்ய வேண்டாம்.