லேண்ட்ஸ்கேப் பாடம் நடத்த வரலாமா என்று கேட்ட மாணவிக்கு

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். நிலம், நீர், மரஞ்செடி எல்லாம் சேர்த்து வெளியிடங்களை வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில் எம்.ஆர்க். முடித்துவிட்டுச் சென்னையில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். "மேடம், மதுரைக்கே வந்து காலேஜ்ல சேரலாம்னு இருக்கேன். இதுல எதிர்காலம் இருக்கா?" என்றாள். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அவளைப் போல யோசிக்கிறவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வா. கண்டிப்பாக வா. ஆனால் புல்தரை வரையச் சொல்லிக் கொடுப்பதற்காக வராதே.

பதினான்கு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். சொந்தக்காரர்கள் இன்னமும் "தோட்டம் போடுறதுதானே?" என்று கேட்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஐந்து வருட பி.ஆர்க். கட்டடக்கலைப் படிப்பில் எங்கள் பாடத்துக்கு ஒன்றிரண்டு தாள்தான் கிடைக்கிறது. கட்டடம் போக மிச்சமிருக்கும் இடத்தில் மரம் வைப்பதுதான் லேண்ட்ஸ்கேப் என்று மாணவர்களும் நினைத்துவிடுகிறார்கள். 1858-இல் தேர்வான நியூயார்க் சென்ட்ரல் பார்க் வடிவமைப்பைப் பற்றிக் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இங்கே மதுரையில் இருக்கும் செல்லூர்க் கண்மாய் (பாசன ஏரி) நிறைந்தால் தண்ணீர் எந்த வழியாக வைகைக்குப் போகும் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். பந்தல்குடி கால்வாய் வழியாகப் போகும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோதுதான் பலரும் அந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கண்மாயைச் சீரமைக்கும் வேலை கொடுத்தேன். ஒரு குழு நடைபாதை, படகுத்துறை, நீரூற்று, சுற்றிலும் கான்கிரீட் சுவர் என்று அழகாக வரைந்திருந்தது. நானும் நல்ல மதிப்பெண் போட்டேன். அந்தத் தாள்களை ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கே கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பகிர்ந்து விடும் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி. மடை எங்க? கலுங்கு எங்க?"

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை, நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு, இரண்டும் வரைபடத்தில் இல்லை.

அன்றைக்கு அவர் எங்களைக் கரை மேல் நடத்திக் கூட்டிப்போனார். கண்மாய்க்குக் கரை பள்ளமான பக்கத்தில் மட்டும்தான். மேட்டுப் பக்கம் திறந்துதான் கிடக்க வேண்டும், மழைத் தண்ணீர் அங்கிருந்துதான் இறங்கி வரும். சுற்றிச் சுவர் வைத்தால் அதன் வாயை அடைத்த மாதிரி. ஆழமில்லாத அந்த ஓரத்தில்தான் கொக்கும் நாரையும் இரை தேடும், தண்ணீர் வற்றினால் மாடு மேயும். கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் கலுங்கில் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கரை ஏன் வளைந்து போகிறது என்று ஒரு மாணவன் கேட்டதற்கு, பெரியவர் கம்பால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். நான் இரண்டு வாரம் கரும்பலகையில் நடத்திய, ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மறு வருடத்திலிருந்து என் வகுப்பின் முதல் வேலை இதுதான்: ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ஆரம்பித்து, கலுங்கைத் தாண்டி, அடுத்த கண்மாய் வரை நடந்து அளந்து வரைவது.

வெளிநாட்டுப் பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண், சரிவு, நீரோட்டம், செடிகொடி எல்லாவற்றையும் தனித்தனி வரைபடமாக்கி ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முறையை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய இயன் மக்ஹார்க் 1960-களில் பரவலாக்கினார். மதுரைக்கு அது அவசியம் தேவை. எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று முடிவெடுக்கிற மேசையில் அப்படி ஒரு வரைபடம் இருக்க வேண்டும். உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில்தானே 2004-இல் உயர்நீதிமன்றக் கிளை வந்தது?

அப்புறம், மதுரைக்குப் பக்கத்தில் மேலூர்ப் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் அங்கே சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில் அதையும் உள்ளடக்கிய பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்றுவட்டார மக்கள் போராடி, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. மலையையும் சுனையையும் கண்மாயையும் அவர்கள் பெயர் சொல்லிப் பேசினார்கள். பக்கத்திலேயே இருந்து இதே பாடத்தை நடத்துகிற என்னிடம், அவர்கள் கையில் கொடுக்க ஒரு வரைபடம் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஏன் இல்லை என்றால், அந்த வேலைக்குக் கல்லூரியில் கணக்கே கிடையாது. பதவி உயர்வுக்கு பிஎச்.டி.யும் ஆய்விதழில் வந்த கட்டுரைகளும் வேண்டும். ஒரு கோடை முழுவதும் வெயிலில் நின்று மடையையும் கலுங்கையும் அளந்து வரைந்தால் அதற்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. இது அநியாயம். அளந்து வரைந்த வரைபடத்தை ஆய்வாகவே ஏற்க வேண்டும். அதன் ஒரு பிரதி, தமிழில், அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போக வேண்டும். கூட்டங்களில் இதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் நாலு பேர் சேர்ந்து கேட்டால் நடக்கும் என்று நம்புகிறேன்.

சம்பளம் சென்னையில் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். யோசித்துக்கொள். பிஎச்.டி.க்கு ஒரே ஒரு கண்மாய்ச் சங்கிலியை எடுத்துக்கொள், மேலிருந்து கீழ் வரை. வருவதென்றால் ஐப்பசிக்கு முன்னாலேயே வந்துவிடு. கலுங்கு காய்ந்து கிடக்கும்போதே அளந்து வைத்துக்கொண்டால், மழை பிடித்ததும் மறுகால் பாய்வதை மாணவர்களோடு நின்று பார்க்கலாம்.