அந்தக் காரைப் படம் எடுத்தவருக்கு

மே நாள் கூட்டத்துக்கு வந்த வழக்கறிஞர் தம்முடைய காரிலிருந்து இறங்கும் படம் நான்கு நாள்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. காரில் வந்து இறங்கித் தொழிலாளர் உரிமை பேசுவது வேஷம் என்று அதன் கீழே எழுதப்பட்டிருந்த நையாண்டியை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். அதை அப்படியே மீண்டும் எழுதி அதற்கு இன்னொரு சுற்று வாங்கித்தர எனக்கு விருப்பமில்லை. அவர் ஒன்றே கால் மணி நேரம் பேசினார். பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைப்பவர்களுக்கு வருங்கால வைப்புநிதி ஏன் எட்டாமலே போகிறது என்பதைச் சட்டப் பிரிவுகளோடு விளக்கினார். அந்தப் பேச்சில் ஒரு வாக்கியம் தவறு என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. காரின் விலையை மட்டும் மிகச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

என் கேள்வி ஒன்றுதான். அவர் சொன்னது உண்மையா, பொய்யா?

பணக்காரர் முதலாளித்துவத்தை விமர்சித்தால் அது வேஷம் என்கிறீர்கள். சரி, காசில்லாதவர் பேசியபோது என்ன சொன்னீர்கள்? 1984-இல் திருப்பூரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது என் தந்தை கட்டிங் மாஸ்டராக இருந்தார். பிழைக்கத் தெரியாதவன்தான் கொடி பிடிப்பான் என்று அவருடைய சொந்த மைத்துனரே பந்தியில் வைத்துச் சொன்னார். இல்லாதவன் பேசினால் வயிற்றெரிச்சல், இருப்பவன் பேசினால் பாசாங்கு என்றால் பேசத் தகுதியுள்ளவர் யார்? நடுவில் இருக்கும் மாதச் சம்பளக்காரரா? அவருக்கு வீட்டுக்கடன் தவணை கட்டி முடிக்கவே இன்னும் பதினேழு ஆண்டுகள் இருக்கின்றன.

இந்தக் குற்றச்சாட்டு காரோடு பிறந்ததும் அல்ல. மார்க்ஸின் தோழர் ஏங்கெல்ஸின் தந்தை மான்செஸ்டரில் நூல் ஆலையின் பங்குதாரர். அந்த ஆலையின் அலுவலகத்தில் 1850 முதல் 1869 வரை உட்கார்ந்து, பிற்பாடு தாமும் பங்குதாரராகி, செஷயர் கனவான்களோடு குதிரையேறி நரி வேட்டைக்கும் போனவர்தான் ஏங்கெல்ஸ். மார்க்ஸின் வீட்டு அடுப்பு எரிந்ததில் பெரும்பங்கு அந்தப் பருத்திப் பணத்தால்தான். கடைசியாக ஆலைக்குக் கிளம்பிய காலையில் 'இதுவே கடைசித் தடவை' என்று கூவிக்கொண்டு அவர் காலணி மாட்டியதையும், மாலையில் கைத்தடியைச் சுழற்றிப் பாடிக்கொண்டே திரும்பியதையும் மார்க்ஸின் மகள் எலியனோர் நினைவுகூர்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு மார்க்ஸுக்கு ஆண்டுக்கு 350 பவுண்ட் கிடைக்க அவர் ஏற்பாடு செய்தார். மான்செஸ்டர் தொழிலாளர் குடியிருப்புகளின் சாக்கடையையும் காற்றில்லாத நிலவறைகளையும் பற்றி அவர் 1845-இல் எழுதியது, அவர் வேட்டைக் குதிரை வைத்திருந்ததால் பொய்யாகிவிட்டதா? நிலவறைகள் காய்ந்துவிட்டனவா? அந்த ஆலையில் நூற்றவர்களின் உழைப்பிலிருந்து வந்த பணம்தானே அது என்று கேட்பீர்கள். ஆம், அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் இப்போது பேச்சு அதுவல்ல.

நம் ஊரில் சிங்காரவேலர் இருந்தார். வசதியான குடும்பத்து வழக்கறிஞர், வீடு நிறையப் புத்தகம் வைத்திருந்தவர். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியவர் அவர்தான். 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காக அவர் சிறை சென்றபோது வயது 68. அன்றைக்குச் செல்பேசி இருந்திருந்தால் அவர் வீட்டு வாசலையும் படம் எடுத்திருப்பீர்கள்.

அவ்வளவு அக்கறை இருந்தால் சொத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்பது அடுத்த கேள்வி. கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். கேரளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் இ.எம்.எஸ். தம் பங்குச் சொத்தை விற்றுக் கட்சிக்குக் கொடுத்தார். அதனால் கேரளத்துக் குடியானவர்களின் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை என்பது வேறு எவரையும்விட அவருக்கே தெரிந்திருந்தது. 1957-இல் முதலமைச்சரான சில நாள்களிலேயே குத்தகைதாரர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தார். ஒருவருடைய தியாகம் அவருடைய மனசாட்சிக்கு நல்லது. ஆனால் பக்கத்து நிலத்துக்காரரின் மனசாட்சியை நம்பி யாரும் பயிர் செய்ய முடியாதே.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. அந்த 127 நாளில், கஞ்சித் தொட்டிக்கு அரிசி தீர்ந்துபோன ஓர் இரவில், ஒரு பனியன் கம்பெனி முதலாளி யாருக்கும் தெரியாமல் இரண்டு மூட்டை அனுப்பினார். முதலாளி அரிசியைத் தின்பதா என்று இளைஞர்கள் கொதித்தார்கள். அரிசி வேகட்டும், கோரிக்கையில் ஒரு பைசா குறையாது என்று சங்கத்துப் பெரியவர் சொன்னதும் உலை வைத்தார்கள். அரிசி அனுப்ப மனம் இருந்த மனிதர் ஏன் பஞ்சப்படியையே கொடுத்திருக்கக் கூடாது என்று சிறுவனாக இருந்தபோது தந்தையிடம் கேட்டேன். அவர் ஒருவர் மட்டும் கூட்டிக் கொடுத்தால் பக்கத்துக் கம்பெனி குறைந்த விலைக்கு ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடும், எல்லோரும் ஒன்றாகக் கொடுக்க வேண்டுமென்றால் ஒப்பந்தம் வேண்டும் என்றார் அவர். அந்த முதலாளியை வேஷதாரி என்று என் தந்தை ஒருநாளும் சொன்னதில்லை. நல்லவர் என்றும் சொன்னதில்லை.

புரட்சி பேசியே பிழைப்பு நடத்துகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

என்னை உண்மையில் சுட்டது படம் அல்ல, அதன் கீழே என் பெயரையும் இழுத்துவிட்டதுதான். இவரும் கம்பெனி நடத்திக்கொண்டே தொழிலாளர் உரிமை பேசுகிறவர்தானே என்று எழுதியவர், என் வீட்டில் பலமுறை சாப்பிட்டவர். ஆம், நடத்துகிறேன். பதினான்கு தையல் மிஷின்கள், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க், வாங்கிய கடனுக்கு வட்டி. பெரிய கம்பெனி பில்லுக்குத் தொண்ணூறு நாள் இழுத்தடித்தாலும் என்னிடம் சனிக்கிழமைச் சம்பளம் ஒருமுறைகூடத் தள்ளிப்போனதில்லை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர்தான். கூட்டம் முடிந்த மறுநாள் ஓவர்லாக்கில் உட்கார்ந்திருந்த அக்கா மிஷினை நிறுத்தாமலே கேட்டார்: "ஏனுங்ணா, அந்த வக்கீல் சொன்னது நம்ம கம்பெனியத்தானுங்களா?"

நம்ம கம்பெனியைத்தான். இருபது பேரைத் தொட்டால் வைப்புநிதிச் சட்டத்துக்குள் வந்துவிடுவோம் என்பதற்காகப் பத்தொன்பதோடு நிறுத்திக்கொள்ளும் கம்பெனிகளைப் பற்றி அவர் அன்று கால் மணி நேரம் பேசினார். என்னிடம் வேலை செய்பவர்கள் பத்தொன்பது பேர். நான்கு ஆண்டுகளாகப் பத்தொன்பது பேர்தான். சீசனில் வேலை குவியும்போது இன்னும் இரண்டு ஆள் தேவைப்பட்டாலும், வேறு பட்டறைக்குப் பீஸைப் பிரித்துக் கொடுத்துவிடுவேன்.

ஆகவே என்னை வேஷதாரி என்று எழுதிய நண்பர் தவறாக எழுதவில்லை. இருபதாவது ஆளை அடுத்த மாதமே சேர்ப்பேன் என்று இங்கே வாக்குக் கொடுத்துக் கைதட்டு வாங்கவும் மாட்டேன். வட்டி கட்டிய பிறகு மிஞ்சுவதை இரண்டு இரவாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் கணக்கு இடிக்கிறது. ஆனால் அந்த வழக்கறிஞர் சொன்னது உண்மை என்பதற்கு என் வருகைப் பதிவேடே சாட்சி. என் கம்பெனி வாசலில் பழைய மாருதி ஒன்று நிற்கும், தாராளமாக வந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே எழுதும்போது அந்தப் பத்தொன்பதையும் சேர்த்து எழுதுங்கள்.